வாயிலும் வாசலும்

கேள்வி: பிரடெரிக் கோட்டைக்குள் நுழையும் இடத்தை நாங்கள் பரம்பரையாகக் ‘கோட்டை வாசல்’ என்றே சொல்லி வருகிறோம். கட்டுரையில் அவ்வாறு எழுதிய என் பேத்தியை, ‘வாயில்’ என்பதே சரியென்று ஆசிரியர் திருத்தியிருக்கிறார். அவளது இலக்கியப் பாடத்திலோ ‘வாயில் மறுத்தல்’ என வருகிறது. அங்கே கதவும் இல்லை, கோட்டையும் இல்லை. இவையெல்லாம் ஒரே சொல்லா?
(வாசகர், உவர்மலை, திருகோணமலை)

விடை: ஒரே சொல்தான், பேத்தி எழுதியதிலும் பிழையில்லை. இல்லத்தின் வாய் எனப் பொருள்படும் ‘இல்வாய்’ முன்பின்னாக மாறி ‘வாயில்’ ஆயிற்று என்பர் இலக்கணிகள்; ‘இல்முன்’ ‘முன்றில்’ ஆனதும் அவ்வாறே. அந்த வாயில்தான் யகரம் சகரமாகி ‘வாசல்’ ஆனது. பேச்சில் உயிர் ‘உசிர்’ ஆவதும் இவ்வகை மாற்றமே. எனினும் ‘உசிர்’ ஏட்டில் ஏறவில்லை, ‘வாசல்’ என்றோ ஏறிவிட்டது. திருப்பாவையின் 16ஆம் பாசுரத்தில் ‘தோரண வாயில் காப்பானே’ என்று பாடிய ஆண்டாளே, 21ஆம் பாசுரத்தில் ‘உன் வாசற்கண்’ என்கிறாள். அவள் வாக்கில் இரண்டும் நிற்கும்போது, மாணவியின் தாளில் ஒன்றை மட்டும் சிவப்பு மையால் அடிப்பது நியாயமன்று.

உங்கள் மாவட்டத்திலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. கிண்ணியாவிலும் மூதூரிலும் தொழுகைக்குரிய கட்டடம் முழுவதையும் ‘பள்ளிவாசல்’ என்கிறோம். நுழையும் இடத்தின் பெயர் முழுக் கட்டடத்துக்கும் பெயராகிவிட்டது. கிழக்கில் அதனையே ‘பள்ளிவாயல்’ என்று எழுதுவோரும் பலர். பழைய யகரம் அங்கே இன்னும் வாழ்கிறது. ‘வீடு வாசல்’ என்னும்போது வாசல் உடைமையையும், ‘வாசல் கூட்டு’ என்னும்போது வீட்டின் முன்னுள்ள நிலத்தையும் குறிக்கிறது.

இனி ‘வாயில் மறுத்தல்’. கதவு மூடுவது, வாயில் செல்லும் வழி. அதனால்தான், பரத்தையிடமிருந்து மீளும் தலைவனுக்காகத் தலைவியிடம் தூது வரும் பாணனும் விறலியும் ‘வாயில்’ எனப்பட்டனர். அவர் வழியாகவே அவன் மீண்டும் வீட்டுக்குள் வர இயலும். அவர்கள் வேண்டுகோளை அவள் ஏற்க மறுப்பதே வாயில் மறுத்தல். தோழி, தாய், பார்ப்பான், பாங்கன் என 12 பேரை வாயில்களாக எண்ணுகிறது தொல்காப்பியம். விருந்தினரும் அவர்களுள் அடக்கம் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி: விருந்தினர் முன்னிலையில் ஊடலைக் காட்டாத பண்பை அந்தப் பட்டியலே சொல்லிவிடுகிறது. புலன்கள் உள்ளே நுழையும் வழி என்பதால் ஐம்பொறிகளை ‘பொறிவாயில்’ என்றார் வள்ளுவர். ‘வானொலி வாயிலாக’ என்று நாம் இன்று எழுதுவதும் இந்த வழியில் வந்ததே.

கேள்வி: ஆறு கடலில் கலக்கும் இடத்தை ‘முகத்துவாரம்’ என்கிறோமே, அங்கே துவாரம் ஏது?
(வாசகி, மூதூர்)

விடை: தமிழில் துவாரம் என்றால் ஓட்டை என்றே இன்று கொள்கிறோம். வடமொழியில் அச்சொல்லுக்கு வாயில் என்பதே முதற்பொருள்; ‘முகத்துவாரம்’ அப்பொருளைக் காத்து வைத்திருக்கிறது. கருவறையின் இருபுறமும் நிற்கும் துவாரபாலகர் பெயரிலும் அதே துவாரம்தான். சிலப்பதிகாரத்தில் கண்ணகி ‘வாயிலோயே’ என்று அழைக்கும் அரண்மனைக் காவலனுக்கும் இவர்களுக்கும் தொழில் ஒன்றே.