ஆடிக் காற்றில் குறையும் எலெக்ட்ரிக் பைக் ரேஞ்சுக்காகப் புது மாடல் வேண்டுமா?

இப்போது மாற்ற வேண்டாம். நாகர்கோவில்–வள்ளியூர் போய்வர ஆனி, ஆடியில் மட்டும் சார்ஜ் போதவில்லை என்கிறீர்கள். அது பெரும்பாலும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றின் வேலை. வள்ளியூரிலிருந்து திரும்பும்போது மேற்குக் காற்று நேர் எதிரே அடிக்கும். 50 கி.மீ. வேகத்தில் போகும் எலெக்ட்ரிக் பைக்குக்கு 30 கி.மீ. எதிர்க்காற்று என்றால், காற்றுத் தடை இரண்டரை மடங்கு. புது மாடலையும் அது விடாது!

டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு, போகும்போதும் வரும்போதும் எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று தனித்தனியாகக் குறியுங்கள். வரும்போது மட்டும் அதிகம் என்றால் பேட்டரியில் குறையில்லை. கணவாயை ஒட்டிய முப்பந்தல் பக்கம் வேகத்தைக் குறைத்தாலே போதும்.

போகும்போதும் வரும்போதும் அதிகமாக இறங்கினால் கதை வேறு. சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட் கேளுங்கள். வாரண்டி இருக்கும்போதே கேட்டுவிடுங்கள், அப்புறம் எக்ஸ்சேஞ்ச் பற்றி யோசிக்கலாம்.