காற்றைக் கெடுக்க வேண்டுமானால் ஒட்சிசனைத் தொடாதீர்கள்

கேள்வி இதுதான்: நூறு வருடத்துக்குப் பிறகு நடக்கிற நாவல், ஆட்கள் வெளியே போனால் வடிகட்டி வைத்த முகமூடி போட்டே ஆகவேண்டும், காற்று இப்படி ஆனதற்கு அறிவியல் ஒத்துக்கொள்ளும் காரணம் ஒன்று சொல்லுங்கள். நான் கொழும்பு வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனம் படிப்பிக்கிறவன். வகுப்பிலும் வருடாவருடம் யாராவது இதைக் கேட்பார்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

எல்லோருக்கும் முதலில் வருகிற யோசனை, மரங்கள் அழிந்து ஒட்சிசன் தீர்ந்துபோவது. அதை விட்டுவிடுங்கள். காற்றில் ஒட்சிசன் 21 சதவீதம், அதாவது பத்து லட்சத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேல். உலகம் முழுக்க இவ்வளவு நிலக்கரியும் எண்ணெயும் எரித்தும் அதில் வருடத்துக்குக் குறைவது பத்து லட்சத்தில் ஏறக்குறைய 4 பங்குதான். 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆள் வேலை செய்யக்கூடாத இடம் என்று ஒரு பாதுகாப்பு எல்லை உண்டு. இந்த வேகத்தில் அந்த எல்லையைத் தொடவே மூவாயிரம் வருடத்துக்கு மேல் ஆகும். அமேசன் காட்டை உலகத்தின் நுரையீரல் என்பார்கள், ஆனால் அது ஆக்குகிற ஒட்சிசனை ஏறக்குறைய முழுவதும் அந்தக் காட்டின் சுவாசமும் அங்கே உக்குகிற இலைகுழைகளுமே தீர்த்துவிடுகின்றன. அதோடு, ஒட்சிசன் குறைந்த இடத்தில் வடிகட்டி முகமூடி ஒன்றுக்கும் உதவாது, இல்லாததை எப்படி வடித்து எடுப்பது? உங்கள் ஆட்கள் சிலிண்டரைச் சுமந்துகொண்டுதான் நடக்கவேண்டும்.

மூடிய இடம் என்றால் விசயம் வேறு. அரிசோனாவில் 1991இல் 8 பேர் பயோஸ்பியர் 2 என்ற கண்ணாடிக் கூடத்துக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார்கள். 16 மாதத்தில் உள்ளே ஒட்சிசன் 14 சதவீதத்துக்குக் கிட்ட இறங்கி, கடைசியில் வெளியிலிருந்து ஏற்றவேண்டி வந்தது. வளமான மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் ஒட்சிசனைத் தின்றன, அவை விட்ட காபனீரொட்சைட்டைச் செடிகளுக்குக் கிடைக்கவிடாமல் சுவரின் கொங்கிரீட் உறிஞ்சிக்கொண்டது. நாவலில் சுரங்க நகரம் ஏதும் இருந்தால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

திறந்த வெளிக்கு என் பதில்: எடுக்காதீர்கள், சேருங்கள். நஞ்சு ஒரு சிட்டிகை போதும்.

காபனீரொட்சைட்டு எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. இப்போது பத்து லட்சத்தில் 420ஐத் தாண்டியிருக்கிறது, உயிருக்கு உடனடி ஆபத்து என்று வைத்திருக்கும் அளவோ 40,000. அங்கே போய்ச்சேர முன்பே அதனால் ஏறும் வெப்பம் ஆளைத் தின்றுவிடும். ஒரு ஊர் மட்டும் சாகவேண்டுமென்றால் சரி: கமரூனில் நியோஸ் ஏரி 1986 ஓகஸ்ட் 21 இரவு திடீரென்று வாயுவைக் கக்கி 1,700க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது.

எரிமலை அதைவிட நல்லது. ஐஸ்லாந்தில் லாக்கி 1783இல் பிளந்து எட்டு மாதம் கக்கிய கந்தகவீரொட்சைட்டு 12 கோடி தொன் அளவு. அந்தப் புகைமூட்டம் ஐரோப்பா வரை படிந்தது, ஐஸ்லாந்தில் ஆடுமாடு செத்துப் பஞ்சம் வந்து ஐந்தில் ஒருவருக்குக் குறையாமல் இறந்துபோனார்கள். நூற்றாண்டுக்கணக்கில் இப்படியே கக்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கொழும்பில் 2022 டிசம்பரில், வங்காள விரிகுடாவில் புயல் நின்ற நேரம், அயலிலிருந்து வந்த மாசு படிந்து பாடசாலைகளை மூடினார்களே, அன்று எங்கள் மாடியிலிருந்து கடல் தெரியவில்லை. அம்மா யன்னலை எல்லாம் சாத்தி, ஈரத் துவாயை இடுக்கில் செருகிவிட்டு, ஆஸ்துமா பம்ப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தார். அது ஓரிரு நாள்தான்.

ஆனால் நான் எழுதுவதானால் கடலைத்தான் எடுப்பேன். கடல் சூடானால் தண்ணீரில் ஒட்சிசன் கரைவது குறையும், மேல் தண்ணீர் கீழே போய்க் கலப்பதும் குறையும். ஒட்சிசனும், பிறகு அதற்குப் பதிலாக நுண்ணுயிர்கள் பயன்படுத்துகிற நைத்திரேற்றும் தீர்ந்த ஆழத்தில், கடல்நீரில் கரைந்திருக்கும் கந்தகச் சேர்வையான சல்பேற்றைக் கொண்டு வாழ்கிற பற்றீரியாக்கள் பெருகி ஐதரசன் சல்பைட்டை விடும், கூழ்முட்டை நாற்றம் அடிக்கிற வாயு. கருங்கடலில் 200 மீற்றருக்குக் கீழே இப்போதே அதுதான் நிறைந்திருக்கிறது, நமீபியக் கரையில் அவ்வப்போது மேலே கிளம்பி மீனைக் கொல்கிறது. 25 கோடி வருடத்துக்கு முன் கடலுயிர்களில் பெரும்பகுதி அழிந்ததில் இதற்கும் பங்குண்டு என்பது அறிவியலாளர் சிலர் முன்வைத்த கருதுகோள். நமக்கு இரண்டு பக்கமும் இருக்கிற அரபிக்கடலிலும் வங்காள விரிகுடாவிலும் நடு ஆழத்தில் ஒட்சிசன் மிகக் குறைந்த பெரிய படைகள் இருக்கின்றன, கதையைக் கொழும்புக் கடலோரத்துக் காலி முகத்திடலில் தொடங்கவே காரணம் இருக்கிறது. நூறு வருடம் மட்டும் போதாது, சில ஆயிரமாவது கொடுங்கள்.

இந்த வாயுவைப் பற்றி நான் சும்மா சொல்லவில்லை. சிறுவயதில் எங்கள் ஒழுங்கையில் மலக்குழிக்குள் இறங்கிய ஒருவர், "மணம் விட்டிட்டுது, இனிப் பயமில்லை" என்று மேலே நின்ற தம்பிக்குச் சொல்லியிருக்கிறார். மணம் விடவில்லை, மூக்குத்தான் செத்திருந்தது: பத்து லட்சத்தில் 100 பங்கு ஆனாலே மணக்கும் நரம்பு வேலை செய்யாது, 500க்கு மேல் ஆள் விழுவார். அவரைத் தூக்க இறங்கிய தம்பியும் வரவில்லை. இரண்டு பாயில் இரண்டு பேரையும் வளர்த்தியிருந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. வகுப்பில் சல்பைட்டு வரும்போதெல்லாம் பாடத்தை நிறுத்தி இதைச் சொல்லிவிட்டுத்தான் தொடர்வேன்.

கதைக்கு வேண்டிய சின்ன அடையாளங்களும் இதில் கிடைக்கும். வெள்ளி கறுக்கும். கால்வாய்ப் பக்கத்து வீடுகளில் சாமியறைக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளிக் கிண்ணத்தை எத்தனை தரம் திருநீறு போட்டுத் துடைத்தாலும் நாலு நாளில் மங்கும், ஏசி திருத்த வந்த தம்பி ஒருமுறை கழற்றிக் காட்டிய செப்புக் குழாய் கரி பூசினதுபோல இருந்தது. காபன் வடிகட்டி இந்த வாயுவைப் பிடிக்கும், ஆனால் நிரம்பியதும் விட்டுவிடும், மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். வடிகட்டி யாரிடம் இருக்கிறதோ அவரிடம் அதிகாரம். வாயு காற்றைவிடக் கொஞ்சம் பாரமானது, காற்று அசையாத இரவில் தாழ்ந்த இடங்களில் முதலில் தேங்கும். ஆகவே உங்கள் ஆட்கள் எத்தனையாம் மாடியில் குடியிருக்கிறார்கள் என்பதை எழுதத் தொடங்க முன்பே முடிவுசெய்துவிடுங்கள்.