அமெரிக்க மதுவிலக்குக் காலத்துக் கொலை வழக்குகளில் உங்களை அதிகம் அசத்தியது எது?

அந்தக் காலம் என்றாலே சிகாகோ கும்பல் தலைவர் அல் கபோன்தான் எல்லோர் வாயிலும். ஆனால் கொலைக்காக அவர் ஒருநாள்கூடத் தண்டனை அனுபவிக்கவில்லை. 1931இல் அவரைச் சாய்த்தது வருமான வரி வழக்கு. கும்பல் கொலைகளில் சாட்சி கிடைக்காது, கிடைத்தாலும் பிறழ்ந்துவிடும். சாட்சிக்குப் பஞ்சமே இல்லாத ஒரு வழக்கு உண்டு: ஒஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரின் கள்ளச்சாராய வியாபாரி ஜார்ஜ் ரீமஸின் வழக்கு. என் ஓட்டு அதற்குத்தான்.

ரீமஸ் முதலில் மருந்துக்கடைக்காரர், பிறகு சிகாகோவில் கிரிமினல் வக்கீல். டாக்டர் சீட்டு இருந்தால் விஸ்கி விற்கலாம் என்று மதுவிலக்குச் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. இரண்டு தொழிலும் தெரிந்தவருக்கு அது போதாதா? சாராய ஆலைகளையும் மருந்து கம்பெனிகளையும் வாங்கிப்போட்டார். மருந்துக்கென்று முறைப்படி வெளியே வரும் சரக்கை, வழியில் தன் ஆட்களை விட்டே கொள்ளையடிக்கச் சொல்லிக் கள்ளத்தனமாக விற்றார். தன் லாரியைத் தானே கொள்ளையடித்த மனுஷன்!

கடைசியில் மாட்டிக்கொண்டு அட்லாண்டா சிறைக்குப் போனார். சொத்து மனைவி இமோஜின் கைக்கு வந்தது. அவரோ ஃபிராங்க்ளின் டாட்ஜ் என்ற மத்திய அரசு ஏஜென்டுடன் சேர்ந்துகொண்டார், சொத்து கரைந்தது. 1927 அக்டோபர் 6 அன்று விவாகரத்து வழக்குக்காக இமோஜின் டாக்ஸியில் கிளம்பினார். ரீமஸ் காரில் துரத்திப் போய், ஈடன் பூங்காவில் மகள் கண்ணெதிரிலேயே அவரைச் சுட்டுக் கொன்றார். பிறகு தானே போலீசில் சரணடைந்தார்.

அரசுத் தரப்பில் முன்னாள் ஜனாதிபதி டாஃப்ட்டின் மகன் சார்லஸ். எதிரே ரீமஸ், தனக்குத்தானே வக்கீலாக. சுட்ட நேரத்தில் புத்தி பேதலித்திருந்தது என்பது வாதம். சிகாகோவில் மனைவியைக் கொன்ற ஒரு கட்சிக்காரருக்காக அவர் முன்பே எடுத்த அதே ஆயுதம். புத்தி சரியில்லை என்பதை ஒருவர் நாள்கணக்கில் கோர்வையாக வாதாடுவதைக் கேட்ட ஜூரி, 19 நிமிடத்தில் விடுவித்துவிட்டது. என் கணிப்பில், அங்கே உண்மையில் விசாரிக்கப்பட்டது செத்துப்போன இமோஜினும் டாட்ஜும்தான். ஜெர்மானியர் பீர் காய்ச்சி வளர்ந்த சின்சினாட்டியில் மதுவிலக்கு ஏஜென்டுக்கு யார் பரிந்து பேசுவார்கள்?

அரசும் விடவில்லை. புத்தி சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போ என்று லைமா மனநோய் மருத்துவமனையில் அடைத்தது. உடனே ரீமஸ், தான் தெளிவாக இருப்பதாக மனுப்போட்டார். அதற்கு அவருக்குக் கைகொடுத்தது, 'இவர் புத்தி தெளிவானவர்' என்று விசாரணையில் அரசுத் தரப்பே காட்டிய மருத்துவக் கருத்து. 1928 ஜூனில் வெளியே வந்தார். கொலைக்காக அடைபட்டிருந்தது மொத்தம் ஒன்பது மாதம்கூட இல்லை.