ஐ.ஐ.டி. கனவும் உயர்தரப் பரீட்சையும்: ரீச்சர் பதில்கள்

கேள்வி: வணக்கம் ரீச்சர். நான் தமிழ் மொழிமூலம் கணிதப் பிரிவில் உயர்தரம் படிக்கிறேன். அடுத்த வருடம் பரீட்சை. சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக் படிக்க ஆசை. ஆனால், முதலில் ஜே.இ.இ. மெயின் எழுத வேண்டும், அதற்கே இரண்டு வருடம் வேண்டும் என்று ரியூசனில் சொல்கிறார்கள். உயர்தரத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு அதற்குப் படிக்கட்டுமா?
– ஒரு மாணவன், சாவகச்சேரி

பதில்: தம்பி, உயர்தரத்தை ஒதுக்கவே கூடாது. ஏன் என்பதைச் சொல்கிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

ஐ.ஐ.டி.க்கான நுழைவுப் பரீட்சையான ஜே.இ.இ.யில் மெயின், அட்வான்ஸ்ட் என்று இரண்டு கட்டம். மெயின் எழுதித் தேறிய பிறகுதான் அட்வான்ஸ்ட் என்பது இந்தியப் பிள்ளைகளுக்கான ஒழுங்கு. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் மெயின் எழுதாமலே அட்வான்ஸ்டுக்குப் பதியலாம். வெளிநாட்டவருக்கு ஒவ்வொரு பாடநெறியிலும் 10 வீதம் வரை மேலதிக இடங்கள் உண்டு. யாருடைய இடத்தையும் நீங்கள் பறிக்கப் போவதில்லை. ஆனால் வினாத்தாள் எல்லோருக்கும் ஒன்றுதான், தரவரிசையிலும் இடம் பிடித்தே ஆக வேண்டும்.

நம் பிள்ளைகள் கவனிக்காமல் விடுகிற விதி வேறொன்று. 12ஆம் வகுப்புக்கு நிகரான பரீட்சைக்கு நீங்கள் முதல் தடவை தோற்றிய ஆண்டும் அதற்கு அடுத்த ஆண்டும் மட்டுமே அட்வான்ஸ்டுக்குக் கணக்கு. இங்கே உயர்தரத்தை மூன்று தடவை எழுதலாம், அதனால் முதல் தடவையை ஒத்திகை போல எழுதுகிற பிள்ளைகள் பலர். அட்வான்ஸ்ட் நடப்பது பெரும்பாலும் மே மாதத்தில். நம் உயர்தரம் ஆண்டின் பிற்பகுதியில் வரும்போது, அதற்கு அடுத்த மே ஒன்றுதான் உண்மையில் உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு. இரண்டாம் தடவை எழுதி மூன்று ‘ஏ’ எடுத்தாலும் அந்தக் கதவு மூடியிருக்கும். ஆகவே முதல் தடவையே ஒழுங்காக எழுதுங்கள். நீங்கள் எழுதும் வருடத்துத் தகவல் கையேட்டில் இந்த விதியையும் பரீட்சை நிலையங்களின் பட்டியலையும் நீங்களே பாருங்கள். வெளிநாட்டு நிலையங்கள் வருடத்துக்கு வருடம் மாறும், கொழும்பில் இல்லாவிட்டால் சென்னைக்குப் போக வேண்டியிருக்கும்.

சரி, படிப்புக்கு வருவோம். இணைந்த கணிதம் படிப்பிக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: அடித்தளத்தில் நம் பிள்ளைகள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. நிலையியலும் இயக்கவியலும் நாங்கள் செய்கிற அளவு ஆழமாகப் பலர் செய்வதில்லை. இடைவெளி வேறு இடங்களில் இருக்கிறது. பரவளைவு, நீள்வளையம், அதிபரவளைவு, முப்பரிமாணக் கேத்திரகணிதம், வகையீட்டுச் சமன்பாடுகள் ஆகியவற்றைத் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். பௌதிகவியலில் சிக்கல் இன்னும் பெரிது. உயிரியல் பிரிவுப் பிள்ளைகளும் அதே பாடத்தைப் படிப்பதால், நமது உயர்தரப் பௌதிகவியல் நுண்கணிதம் இல்லாமலே நடக்கிறது. ஜே.இ.இ.யில் அப்படி இல்லை. விசை மாறிக்கொண்டே இருந்தால் வேலையைத் தொகையிட்டுத்தான் எடுக்க வேண்டும். இணைந்த கணிதத்தில் உங்களுக்குத் தொகையீடு தெரியும், பௌதிகவியல் கொப்பியில் அதைப் பயன்படுத்திப் பழக்கம் இல்லை. அந்தப் பழக்கத்தை இன்றைக்கே தொடங்கலாம், உயர்தரத்துக்கு அது இடைஞ்சலே இல்லை.

அடுத்தது எழுதும் முறை. இணைந்த கணிதத்தில் படிமுறைக்குப் புள்ளி உண்டு. அதனால் எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு வரியையும் அழகாக எழுதிப் பழகியவர்கள். மெயினில் 75 கேள்விகள், 3 மணித்தியாலம், 300 புள்ளி. கணினி பார்ப்பது கடைசி விடையை மட்டும்தான். சரிக்கு 4 கூடும், பிழைக்கு 1 குறையும். உயர்தரப் பல்தேர்வில் புள்ளி கழிப்பது இல்லை என்பதால், எதையும் வெறுமையாக விடாதே என்று நாங்களே சொல்லிக் கொடுத்திருக்கிறோம். மெயினில் நான்கு தெரிவுகளில் இரண்டையாவது தள்ள முடிந்தால் துணிந்து தெரியுங்கள். விடையை எண்ணாகத் தட்ட வேண்டிய கேள்வியில் ஊகம் வேண்டவே வேண்டாம். அட்வான்ஸ்டில் 3 மணித்தியாலத் தாள்கள் இரண்டு, ஒரே நாளில், இரண்டும் கட்டாயம். அதன் புள்ளி முறை வருடா வருடம் மாறும், அன்றைய அறிவுறுத்தலை வாசிக்காமல் கேள்விக்குள் போகாதீர்கள்.

அப்புறம் மொழி. மெயினில் தமிழ் வினாத்தாள் உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் நிலையங்களுக்கு மட்டும். இந்தியாவுக்கு வெளியே ஆங்கிலம்தான். அட்வான்ஸ்ட் எங்கே எழுதினாலும் ஆங்கிலம் அல்லது இந்தி. எனவே இந்தியப் பாடசாலைப் புத்தகங்களை வெளியிடும் என்.சி.ஈ.ஆர்.டி.யின் 11ஆம், 12ஆம் வகுப்பு ஆங்கிலப் புத்தகங்களை இறக்கிக்கொள்ளுங்கள், அவர்களுடைய தளத்தில் இலவசம். வகுப்பில் முடித்த அலகை அன்றிரவு அந்தப் புத்தகத்திலும் ஒருமுறை வாசியுங்கள். இப்போதைக்கு இது போதும். உயர்தரம் முடிந்ததும் மற்றப் பிள்ளைகள் கம்பஸ் அனுமதிக்காகக் காத்திருக்கும் அந்த மாதங்கள்தான் உங்களுடைய உண்மையான தயார்ப்படுத்தல் காலம். அட்வான்ஸ்டின் கடந்தகால வினாத்தாள்கள் அதன் இணையத்தளத்திலேயே கிடைக்கின்றன. நேரம் வைத்து, ஒரு நாளில் இரண்டு தாளும் எழுதிப் பாருங்கள்.

மெயினையும் எழுதுங்கள். ஐ.ஐ.டி. ஒன்றுதான் படிப்பு என்று நான் நினைக்கவில்லை. திருச்சி என்.ஐ.டி. (தேசிய தொழில்நுட்பக் கழகம்) போன்ற இடங்களுக்கு ‘டாசா’ என்ற வழியில் வெளிநாட்டு மாணவரைச் சேர்ப்பது மெயின் தரவரிசையை வைத்துத்தான்.

கேள்வி: ரீச்சர், மகளுக்கும் இதே ஆசை. செலவுக்குக் காணியை ஈடு வைக்கலாமா என்று யோசிக்கிறோம்.
– ஒரு தாய், கோப்பாய்

பதில்: அம்மா, காணியைத் தொடாதீர்கள். டாசா வழியில், இலங்கையும் சேர்ந்த சார்க் நாட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் கட்டணத்தில் பாதி கழிவு உண்டு. அதற்கும் முன்னர் பார்க்க வேண்டியது இந்திய அரசின் புலமைப்பரிசில்கள். நேரு ஞாபகார்த்தம், தகவல் தொழில்நுட்பப் பட்டங்களுக்கு ராஜீவ் காந்தி என்று பல உண்டு. இவற்றுக்கு உயர்தரப் பெறுபேறுதான் அடிப்படை, ஜே.இ.இ. தேவையில்லை. யாழ்ப்பாணத்து இந்தியத் துணைத் தூதரகத்தில் விசாரியுங்கள். விண்ணப்பம் கோரும் காலம் குறுகியது, ஆவணம் தேடி ஓட நேரம் இருக்காது. மகளின் கடவுச்சீட்டை இப்போதே எடுத்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைச் சான்றிதழ் எல்லாவற்றிலும் அவளுடைய பெயர் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.