மொட்டை மாடி அனலுக்கு 67,500 ரூபாய் மருந்தா?

கேள்வி: தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் 2012-ல் கட்டிய தார்சு வீடு எங்களுடையது. தரைத்தளம் மட்டும்தான், 900 சதுர அடி. தளத்துக்கு மேல் ஓடு எதுவும் பதிக்கவில்லை. ஏப்ரல் பிறந்தால் இரவு பதினொரு மணி வரை ஃபேன் அனலைத்தான் கீழே தள்ளுகிறது. மழை வந்தால் படுக்கையறை மூலையில் ஓதம் அடிக்கிறது. மாமியாருக்கு 72 வயது, ஏசி ஒத்துக்கொள்ளாது. 'ஹீட் புரூஃப் கெமிக்கல்' அடித்தால் 12 டிகிரி குறையும், ஓதமும் நிற்கும், பத்து வருட கேரன்டி என்று ஒருவர் சதுர அடிக்கு 75 ரூபாய் கேட்கிறார். 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டோம். சொந்தக்காரர்கள் தெர்மாகோல் வைத்து ஃபால்ஸ் சீலிங் போடச் சொல்கிறார்கள். கணவரோ, பாலிஷ் பட்டறையில் மிச்சமான கிரானைட் துண்டு மலிவாகக் கிடைக்கிறது, அதை மேலே பதித்துவிடலாம் என்கிறார். எதைச் செய்வது?

பதில்: மூன்றையுமே செய்ய வேண்டாம். கெமிக்கல்காரரிடம் மீதிப் பணத்தை மட்டும் இப்போதைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அந்த 5,000-த்துக்குக் கடைசியில் வருகிறேன்.

உங்கள் வீட்டுக்குள் வரும் சூட்டில் பெரும்பங்கு தளத்தின் வழியாகத்தான் இறங்குகிறது. சூரியன் தருமபுரிக்கு நேர் உச்சியில் வருவது ஏப்ரல் 23 வாக்கில், அதாவது சித்திரை பத்தை ஒட்டி. கத்திரி மே 4-ல்தான் தொடங்குகிறது என்றாலும், தளம் அதற்கு முன்பே காயத் தொடங்கிவிடும். கான்கிரீட் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இருட்டிய பிறகு மெல்ல மெல்லக் கீழே விடும். வெளியே காற்று ஆறிய பிறகும் உங்கள் படுக்கையறை ஆறாததற்குக் காரணம் அதுதான். ஆகவே வெயில் கான்கிரீட்டைத் தொடுவதற்கு முன்பே, மேல் பக்கத்திலேயே அதைத் தடுக்க வேண்டும். மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம்.

இப்போது அந்த 12 டிகிரி. இந்த ஆட்கள் எல்லோரும் ஒரே வித்தையைத்தான் காட்டுகிறார்கள். மாடியில் ஒரு சதுரத்துக்கு வெள்ளையாக எதையோ பூசுவார்கள். அரை மணி கழித்துத் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை எடுத்துச் சிவப்புப் புள்ளி விழும்படி பிடிப்பார்கள். வெறும் தளத்தில் 58 காட்டும், பூசிய இடத்தில் 44 காட்டும். "பார்த்தீங்களா அக்கா, கண்ணெதிர்லயே 14 டிகிரி!" என்பார்கள். அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது மாடித் தரையின் சூடு. உங்கள் மாமியார் படுத்திருப்பது மாடித் தரையில் இல்லை. அறைக்குள் காற்றின் சூடு இரண்டு மூன்று டிகிரி குறைந்தாலே அது நல்ல வேலை. தலைக்கு மேலே உள்ள தளம் ஆறியிருந்தால், அந்த இரண்டு மூன்று டிகிரியே உடம்புக்கு நன்றாகத் தெரியும். அதை நேர்மையாகச் சொன்னால் 67,500 ரூபாய் கேட்க முடியாது என்பதால்தான் யாரும் சொல்வதில்லை.

இதைவிட மோசமான இன்னொரு வித்தை உண்டு. பளபளக்கும் அலுமினியத் தாளை விரித்து அதே கருவியைக் காட்டுவார்கள். எண் சட்டென்று இறங்கும். பளபளப்பான உலோகத்தில் அந்தக் கருவி சரியாகக் காட்டாது, உண்மையான சூட்டைவிடக் குறைத்தே காட்டும். தாளின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஓர் அங்குலம் ஒட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் பொறுத்து அந்த டேப்பின் மேல் கருவியைப் பிடிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அலுமினியத் தாளுக்கு ஒரு பக்கமாவது காற்று இடைவெளி வேண்டும். காரைக்கும் ஓட்டுக்கும் நடுவில் வைத்துப் புதைத்தால் அது வெறும் காகிதம்தான்.

கேரன்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட கேரன்டி அட்டைகளைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் நீர்க்கசிவுக்குத்தான் கேரன்டி இருக்கும், சூட்டுக்கு இருக்காது. அதுவும் கம்பெனி அங்கீகரித்த ஆள் அடித்திருந்தால்தான். உங்களிடம் வந்தவர் அங்கீகரிக்கப்பட்டவர் என்பதற்கு அவர் சட்டையில் உள்ள படத்தைத் தவிர வேறு என்ன அத்தாட்சி இருக்கிறது?

அதற்காக வெள்ளைப் பூச்சே ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள். கூல் ரூஃப் பெயின்ட் நல்ல பொருள்தான். வாளியில் எஸ்.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். வெயிலைத் திருப்பி அனுப்பும் திறனுக்கான எண் அது. 100-ஐ ஒட்டி இருந்தால் நல்லது, எண்ணே இல்லாத வாளியைத் தொடாதீர்கள். பெயின்ட் கடையில் சீல் உடைக்காத வாளியாக வாங்கி உங்களுக்குத் தெரிந்த பெயின்டரை வைத்து அடித்தால் போதும். ஒரு வாளிக்கு எத்தனை சதுர அடி என்று அதன் மேலேயே போட்டிருப்பார்கள். 900-க்கு எத்தனை வாளி என்று நீங்களே கணக்குப் போடுங்கள். இடைத்தரகரின் லாபமே தண்ணீர் கலப்பதில்தான் இருக்கிறது. ஏழு வாளிக்குப் பணம் வாங்கிக்கொண்டு மூன்று வாளியை நீட்டி நீட்டி அடிப்பார்கள். அடித்து முடித்த அன்று இரண்டும் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும். ஒரு மழைக்காலம் போனால்தான் தெரியவரும்.

ஃபால்ஸ் சீலிங் வெயிலைத் தடுப்பதில்லை. சட்டைக்குள் துண்டைச் சுற்றிக்கொண்டு வெயிலில் நிற்பது போலத்தான் அது. குடை வேண்டிய இடம் மேலே. தளம் வழக்கம்போலக் காய்ந்துகொண்டே இருக்கும், விரியும், சுருங்கும், விரிசலும் வளரும். அறையின் உயரமும் குறையும். மேலே ஓதம் இருந்தால் அது தெரியாமல் மறைந்து, ஒரு நாள் சீலிங்கோடு சேர்ந்து கீழே வரும். தெர்மாகோல் தீப்பிடிக்கும் பொருள் வேறு. ஒயரிங் ஓடும் இடத்தில் அதை அடைத்து வைப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கணவரின் கிரானைட் யோசனை நம் மாவட்டத்துக்கே உரியது. கிருஷ்ணகிரி வரைக்கும் பட்டறைக்குப் பட்டறை மிச்சக் கல் குவிந்து கிடக்கிறது, கல் என்றாலே சில்லென்று இருக்கும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. விடியற்காலையில் காலை வைத்தால் சில்லென்றுதான் இருக்கும். ஆனால் கிரானைட் கான்கிரீட்டைவிட வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதிலும் கறுப்புக் கல் வெயிலை முழுதாகக் குடிக்கும். மதியம் அதன் மேல் செருப்பில்லாமல் நிற்க முடியாது. அந்தக் கல்லைச் சமையல் மேடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன?

முதலில் ஓதம். சூட்டுக்கும் கசிவுக்கும் ஒரே பூச்சு என்று சொல்பவரை நம்பாதீர்கள். ஈரமான தளத்தின் மேல் பெயின்ட் அடித்தால் கொப்புளித்து உரிந்துவிடும். மழைநீர் இறங்கும் குழாய் வாயைத் துணியால் அடைத்து, ஓர் அங்குலத் தண்ணீரை ஒரு நாள் தேக்கி வைத்து, கீழே எங்கே கசிகிறது என்று பாருங்கள். இந்த மாதிரி வீடுகளில் பெரும்பாலும் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில்தான் பிளந்திருக்கும். அந்த மூலையைக் கொத்திவிட்டு, வாட்டர் புரூஃபிங் கலவையால் சரிவாகக் கரை பிடிக்கச் சொல்லுங்கள். கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை.

அப்புறம் இந்தக் கோடைக்கு வெறும் சுண்ணாம்பே போதும். சிரிக்காதீர்கள். புதிதாக அடித்த நல்ல வெள்ளைச் சுண்ணாம்பு வெயிலைத் திருப்பி அனுப்புவதில் விலை உயர்ந்த பூச்சுக்கு அதிகம் குறைந்ததில்லை. மழையில் கரைந்துவிடும், வருடா வருடம் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். நீர்த்த சுண்ணாம்பை முதல் நாள் இரவே டிரம்மில் ஊறவைத்து, மறுநாள் துணியில் வடிகட்டி, ஃபெவிகால் கலந்துகொள்ளுங்கள். தளத்தைக் கூட்டிக் கழுவி, ஈரம் இருக்கும்போதே சாயங்காலமாக அடியுங்கள். முதல் கோட்டு தண்ணீர் போலத்தான் தெரியும், காய்ந்த பிறகே வெளுக்கும். மூன்று கோட்டு வேண்டும். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாசி முடிவதற்குள் செய்தால் கோடை முழுக்கப் பலன் கிடைக்கும்.

அதே மாசி பங்குனியில்தான் நம் பக்கம் புளி அடித்துக் காய வைக்கிறோம். வெள்ளை அடித்த மாடியில் புளியையோ கேழ்வரகையோ நேராகக் கொட்டினால் சுண்ணாம்பும் சேர்ந்து வரும், மாடியும் பழுப்பாகிவிடும். பழுப்பான தளம் பாதி வேலைதான் செய்யும். படுக்கையறைக்கு மேலே உள்ள பகுதியை விட்டுவிட்டு, மறு மூலையில் தார்ப்பாய் விரித்துக் காய வையுங்கள். சாயங்காலம் தண்ணீர் ஊற்றி மாடியைக் குளிர வைக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஒகேனக்கல் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் ஊரில் அதை எப்படிச் சொல்வது? உங்கள் வீட்டு விரிசலுக்கும் அது ஆகாது.

சுண்ணாம்பும் போதவில்லை என்றால், படுக்கையறைக்கு நேர் மேலே மட்டும் பைப் நட்டு ஏழடி உயரத்தில் பச்சை வலை கட்டலாம். பந்தல் போட்டுப் பீர்க்கனோ கோவையோ ஏற்றினாலும் சரி. கோடை மழைக்கு முன் அடிக்கும் சூறைக்காற்று வலையைப் பிய்த்துக்கொண்டு போகும் என்பதால் நாலு மூலையும் உறுதியாக இருக்கட்டும்.

நிரந்தரமான தீர்வு என்றால், இரண்டு அங்குல எக்ஸ்.பி.எஸ். பலகை, அதாவது தெர்மாகோல் வகையிலேயே கெட்டியாக அழுத்திச் செய்த பலகை. தளத்தில் வாட்டர் புரூஃபிங் செய்து, அதன் மேல் பலகையை அடுக்கி, கோழி வலை வைத்துக் கலவை போட்டு, வெள்ளை கூல் டைல்ஸ் பதிக்க வேண்டும். பழைய முறையில் தளத்துக்கு மேல் சுண்ணாம்போடு போடும் மூன்று அங்குலச் செங்கல் ஜல்லிச் சுருக்கியைவிட இது பத்து மடங்குக்கு மேல் சூட்டைத் தடுக்கும். எடையும் பார்க்க வேண்டும். 900 சதுர அடிக்குச் சுருக்கி மட்டும் சுமார் 11 டன் வரும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்துக் கட்டையால் நாள்கணக்கில் தட்டிப் போட்ட அந்தக் காலத்துச் சுருக்கிமீது எனக்கு மரியாதை உண்டு. இப்போது ஜல்லியில் சிமென்டைக் கொட்டிவிட்டு அதற்கும் சுருக்கி என்றே பில் போடுகிறார்கள். பலகை வாங்கும்போது கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் அது சாதாரண தெர்மாகோல். அடர்த்தி கன மீட்டருக்கு 32 கிலோவுக்குக் குறையாமல் இருப்பதாகப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. உங்கள் மாடியில் தூண் கம்பிகள் மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றனவா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் நம் ஊரில் நீட்டாத வீடு குறைவு. பையனுக்குக் கல்யாணம் ஆனதும் மாடி எடுக்கலாம் என்று விட்டு வைப்பது. உண்மையிலேயே இரண்டு வருடத்துக்குள் மாடி எடுப்பதாக இருந்தால் பலகை, டைல்ஸ் எதுவும் வேண்டாம், எல்லாம் உடைபடும். சுண்ணாம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆனால் 'உண்மையிலேயே' என்றால் என்ன? வரைபடம் போட்டாயிற்றா, பணம் ஒதுக்கியாயிற்றா, தேதி உண்டா? மூன்றுக்கும் ஆம் என்றால் மட்டுமே. "எடுக்கத்தானே போறோம்" என்று சொல்லியே பதினைந்து கோடைகளை அனலில் கழித்த குடும்பங்கள் உண்டு. கம்பி துருப்பிடித்து உதிர்ந்திருக்கும், பையன் ஓசூரில் வாடகை வீட்டில் இருப்பான், மாடி மட்டும் வந்திருக்காது. சந்தேகம் இருந்தால் மாடி எடுக்கப் போவதில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கம்பிக்குச் சிமென்ட் பால் பூசி மூடிவிட்டு, தூணைச் சுற்றி ஓரடி விட்டு மற்ற இடத்தில் பலகையைப் பதிக்கலாம்.

இதையெல்லாம் வீடு கட்டும்போதே செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். யார் சொன்னார்கள்? மத்திய அரசு 2018-ல் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்று குடியிருப்புகளுக்கு ஒரு விதித்தொகுப்பு போட்டது. கூரை வழியாக எவ்வளவு சூடு இறங்கலாம் என்பதற்கு அதில் வரம்பு உண்டு. வெறும் கான்கிரீட் தளம் அந்த வரம்பைப் போல மூன்று மடங்கு சூட்டை விடும். நல்ல விதிதான். ஆனால் 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கு என்று எழுதிவைத்தார்கள். அது பன்னிரண்டு சென்ட்டுக்கு மேல் வரும். மூன்று சென்ட்டில் கட்டுபவருக்குத்தான் வெயில் நேராகத் தலையில் இறங்குகிறது, அவர் அந்தக் கணக்கிலேயே இல்லை. வரைபடத்தோடு போனால் பக்கத்தில் எத்தனை அடி விட்டீர்கள், மழைநீர்த் தொட்டி எங்கே என்று கேட்பார்கள். தளத்துக்கு மேல் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. ஏசி வாங்க வட்டியில்லாத் தவணை தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. கூரைக்கு இரண்டு அங்குலப் பலகை வாங்குகிறேன் என்று வங்கியில் சொல்லிப் பாருங்கள், உங்களை ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள்.

கடைசியாக முன்பணம். அவரைக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: பொருளின் பெயர் என்ன, எத்தனை வாளி? இரண்டையும் ஜி.எஸ்.டி. பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். 12 டிகிரி என்பது அறைக்குள்ளா, மாடியிலா என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டார். பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் சண்டை வேண்டாம், அந்த 5,000-த்துக்கு ஈடாக சீல் உடைக்காத வாளிகளாகக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். எஸ்.ஆர்.ஐ. எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, படுக்கையறைக்கு மேலே மட்டும் உங்கள் பெயின்டரை வைத்து அடித்துக்கொள்ளுங்கள். மீதி இடத்துக்குச் சுண்ணாம்பு.