இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் போஸ்ட் (பதிவு), பேஜ் (பக்கம்) என்று இரண்டு எதற்கு? கேட்டகரியும் (பிரிவு) டேக்கும் (குறிச்சொல்) ஒன்றுதானா?

போஸ்டுக்கும் பேஜுக்கும் எழுதும் திரை ஒன்றுபோல இருப்பதால்தான் இந்தக் குழப்பம். உள்ளேயும் இரண்டும் ஒரே தரவுத்தள அட்டவணையில்தான் இருக்கின்றன. ஆனால் போஸ்ட் தேதி வரிசையில் நிற்கும், புதியது மேலே வரும். ‘எங்களைப் பற்றி’ போல தேதி தேவைப்படாதவை பேஜ்.

சரி, கேட்டகரி? சமையல் தளம் என்றால் குழம்பு, பொரியல், இனிப்பு. குழம்புக்குள் புளிக்குழம்பு, மோர்க்குழம்பு என்று உட்பிரிவும் வைக்கலாம். 2007-இல் வந்த வேர்ட்பிரஸ் 2.3 பதிப்பில் சேர்ந்த டேக்குக்கு இந்த அடுக்கு கிடையாது. ‘கத்தரிக்காய்’ டேக்கைத் தட்டினால் குழம்பும் பொரியலும் சேர்ந்தே வரும். தயவுசெய்து ஒரே சொல்லை இரண்டிலும் வைக்காதீர்கள். ஒரே பட்டியல் இரண்டு முகவரியில் வந்து நிற்கும். அப்புறம், கேட்டகரி தேர்ந்தெடுக்க மறந்தால் போஸ்ட் தானாக ‘அன்கேட்டகரைஸ்டு’ (வகைப்படுத்தாதவை) என்ற பிரிவுக்குள் போய்விடும்.