வாடகை வீட்டில் நாய்: வீட்டுக்காரர் மறுத்தால் என்ன செய்வது?

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் ஒரு தனி வீட்டின் மாடி போர்ஷனில் இரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். சில மாதங்களாக ஒரு நாட்டு நாயை வளர்த்து வருகிறோம். பதினோரு மாத ஒப்பந்தத்தில் இது பற்றி எதுவும் இல்லை. கீழே வசிக்கும் வீட்டுக்காரர், நாயை அனுப்புங்கள் அல்லது மாதக் கடைசியில் காலி செய்யுங்கள் என்கிறார். செல்லப்பிராணியைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை என்று நண்பர்கள் சொல்வது சரியா?

பதில்: பாதிதான் சரி. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் பெரும்பான்மைத் தீர்மானத்தின் மூலமாகக்கூடச் செல்லப்பிராணிகளைத் தடை செய்ய இயலாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது உண்மைதான். ஆனால் அது சங்கங்களுக்குச் சொன்னது. தம் வீட்டை எந்த நிபந்தனையில் வாடகைக்கு விடுவது என்பது உரிமையாளரின் முடிவாகவே இருக்கிறது. அந்தச் சுற்றறிக்கையை அவரிடம் நீட்டினால் பேச்சுவார்த்தை முறியுமே தவிர வேறு பயன் இராது.

உங்களுக்குக் கைகொடுப்பது 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம். அதன்படி, காலி செய்ய விருப்பமில்லாத வாடகைதாரரை வெளியேற்ற, சட்டம் கூறும் காரணங்களுள் ஒன்றைக் காட்டி வாடகை நீதிமன்றத்தில் உத்தரவு பெற வேண்டும். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி நெருக்கடி தருவதை இச்சட்டம் தடை செய்கிறது. நாய் வளர்ப்பது அக்காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்படவில்லை. எனினும் கட்டடத்துக்குச் சேதமோ பொதுத் தொல்லையோ நேர்ந்தால், வீட்டைத் தவறாகப் பயன்படுத்தியதாக வாதிட இடமுண்டு. அதைவிட முக்கியமாக, பதினோரு மாதம் எழுதி இரண்டு ஆண்டுகள் கடந்திருப்பதால், உங்கள் ஒப்பந்தம் காலாவதியாகியிருக்கவே வாய்ப்பு அதிகம். முதலில் பத்திரத்தில் உள்ள தேதியைப் பாருங்கள். காலம் முடிந்திருந்தால், வழக்கைவிடச் சமரசமே உங்களுக்கு நல்லது.

அவருக்கு எது இடைஞ்சல் என்று நேரடியாகக் கேளுங்கள். கீழே வசிக்கும் உரிமையாளருக்குப் பெரும்பாலும் மொட்டைமாடிதான் பிரச்சினை. வத்தலும் துணியும் காயும் இடத்தில் நாய் சிறுநீர் கழித்தால் சிமெண்ட் தளம் அதை உறிஞ்சிக்கொள்ளும். வெயில் ஏறியதும் வாடை படிக்கட்டுவரை இறங்கும். பகலில் நாயை அங்கே கட்டிவைத்துவிட்டு வேலைக்குச் செல்வீர்களானால், அது குரைப்பதற்கும் சேலத்து மே மாதத் தரையில் பாதம் வெந்துபோவதற்கும் நீங்களே காரணம். ஆகவே காலையும் மாலையும் வெளியே அழைத்துச் செல்வதாகவும், மொட்டைமாடியில் விடுவதில்லை எனவும் உறுதி கூறுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றின் நகலையும் கொடுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தத் தாள் பேச்சைவிட அதிகம் சாதிக்கும்.

அவர் இசைந்தால், புதிய ஒப்பந்தத்தில், "வாடகைதாரர் ஒரு நாய் வளர்க்க உரிமையாளர் சம்மதிக்கிறார், அதனால் ஏற்படும் சேதத்தை வாடகைதாரர் சரிசெய்து தருவார்" என்று எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். பதினோரு மாதம்தானே, பதிவு எதற்கு என்ற பழைய வழக்கம் இச்சட்டத்தின்கீழ்ச் செல்லாது. கதவு, தரை, கொசுவலை ஆகியவற்றை இப்போதே தேதியுடன் படமெடுத்து வையுங்கள். முன்பணத்தில் பிடித்தம் செய்யும்போது பழைய கீறல் எது, நாயின் கீறல் எது என்ற தகராறு அங்கேதான் எழும்.

அவர் இறுதிவரை மறுத்தால், நாயைத் தெருவில் விட்டுவிடும் எண்ணம் வேண்டாம்; 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். வேறு வீடு பார்க்கும்போது, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே நாயையும் அழைத்துச் சென்று உரிமையாளரிடம் காட்டிவிடுங்கள்.